யார் இந்த ஹென்றி லேலண்ட்? 3 கார்களைப் பிரித்து, கலந்துபோட்டு, மறுபடி ஓடவைத்த கம்பெனியின் கதை!

அமெரிக்க அதிபர் இப்போது பயணிப்பது கேடிலாக் கார். அதிபர் கென்னடி சுடப்பட்டபோது அமர்ந்திருந்தது லிங்கன் கார். இந்த இரண்டு கம்பெனிகளையும் தொடங்கியவர் ஒரே ஆள்தான்: ஹென்றி லேலண்ட். (நம்ம ஊர் அசோக் லேலண்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பெயர் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊருடையது.)

கார் தொழிலுக்கு இவர் கொண்டுவந்த முக்கியமான விஷயம், டாலரன்ஸில் காட்டிய கறார்.

டாலரன்ஸ் என்றால் என்ன?

எந்த மெஷினாலும் ஒரு பாகத்தை அச்சு அசலாக ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. அதனால், அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று டிசைன் போடும்போதே எல்லை கட்டிவிடுவார்கள். அதுதான் டாலரன்ஸ்.

உதாரணத்துக்கு, ஒரு துளை 25.00 முதல் 25.02 மி.மீ. வரை இருக்கலாம், அதில் சுழலும் ஷாஃப்ட் 24.96 முதல் 24.98 மி.மீ. வரை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஷாஃப்டை எந்தத் துளையில் போட்டாலும் இடைவெளி 0.02-க்குக் குறையாது, 0.06-ஐத் தாண்டாது. எல்லையை ரொம்ப நெருக்கினால் செலவு எகிறும். ரொம்பத் தளர்த்தினால் பாகம் லொடலொடக்கும். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதில்தான் டிசைனரின் திறமையே இருக்கிறது.

துப்பாக்கியில் கற்ற பாடம்

1843-ல் வெர்மான்ட் மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் லேலண்ட். உள்நாட்டுப் போர் காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. போர்க்களத்தில் துப்பாக்கி பழுதானால் இன்னொன்றின் பாகத்தைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும். அளவுக் கட்டுப்பாடு அங்கே உயிர் பிரச்சினை. பிறகு, அளவுக் கருவிகளுக்குப் பெயர்போன பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியில் பல வருடம். 1890-ல் டெட்ராய்ட் போய் சொந்தப் பட்டறை போட்டார்.

அப்போதைய கார்களில் பாகங்களை அரத்தால் ராவி ராவித்தான் பொருத்துவார்கள். ஒரு காரின் பாகம், அதே மாடல் இன்னொரு காருக்குச் சேராது.

ஃபோர்டு விலகினார், இவர் வந்தார்

ஓல்ட்ஸ் கம்பெனிக்கு எஞ்சின் செய்துகொடுத்த லேலண்ட், அதையே மேம்படுத்தி கூடுதல் பவர் எடுத்துக் காட்டினார். ஓல்ட்ஸ் அதை வாங்கவில்லை. 1902-ல் ஹென்றி ஃபோர்டு தன் பெயரிலிருந்த கம்பெனியைவிட்டு வெளியேறினார். அதை மூடிவிட நினைத்த முதலீட்டாளர்கள், சொத்துகளை மதிப்பிட லேலண்டை அழைத்தார்கள். அவரோ அந்த எஞ்சினைக் காட்டி, மூட வேண்டாம், கார் செய்யலாம் என்றார். அப்படிப் பிறந்ததுதான் கேடிலாக்.

1908: அந்த டெஸ்ட்

இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் 3 கேடிலாக் கார்களைப் புரூக்லேண்ட்ஸ் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தது. பிறகு மூன்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, டீலரின் ஸ்டாக்கிலிருந்து புதிதாகப் போட்டார்கள்.

ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் மட்டுமே அனுமதி. அரம் கூடாது.

மூன்று கார்களும் மறுபடி உருவாயின. 500 மைல் ஓடிக் காட்டின. அந்தச் சாதனைக்கு டீவார் கோப்பை கிடைத்தது.

கடைசியில் நடந்தது என்ன?

1909-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கேடிலாக்கை வாங்கியது. 1917-ல் அதிலிருந்து விலகிய லேலண்ட், போர் விமான எஞ்சின் தயாரிக்க புதுக் கம்பெனி தொடங்கினார். முதன்முதலில் ஓட்டுப் போட்ட ஆபிரகாம் லிங்கனின் பெயரையே அதற்கு வைத்தார். போர் முடிந்ததும் கார் தயாரிப்பில் இறங்கினார். வண்டி தரமானது, ஆனால் கடன் நெருக்கியது. 1922-ல் லிங்கன் ஏலத்துக்கு வந்தது. 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அதே ஹென்றி ஃபோர்டு! சில மாதங்களிலேயே லேலண்டும் அவர் மகனும் வெளியேற வேண்டியதாயிற்று. 1932-ல், 89 வயதில் காலமானார்.

இரண்டு கம்பெனிகளும் அவர் கையைவிட்டுப் போயின. ஆனால் அவர் வழி நிலைத்துவிட்டது. இன்று பைக்குக்கு பிரேக் ஷூ வாங்கப் போனால், கடைக்காரர் கேட்பது மாடல் பெயர் மட்டும்தான். வண்டியை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மெக்கானிக் அரத்தைத் தேடுவதும் இல்லை.