தமிழுக்கு ஊதியம் கேட்ட தாய்

வடசென்னை மூலக்கொத்தளம் இடுகாடு மொழிப்போர் வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1939-இல் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அங்கே அடக்கம் செய்யப்பெற்றனர். அதே மண்ணில் 1959-இல் துயில்கொண்டவர் டாக்டர் தருமாம்பாள் அம்மையார்.

1890-இல் தஞ்சையை அடுத்த கருந்தட்டாங்குடியில் பிறந்த அம்மையார், சித்த மருத்துவம் கற்றுச் சென்னையில் மருத்துவராக விளங்கினார். கைவந்த தொழிலில் மட்டும் கருத்தூன்றியிருந்தால் அவர் வாழ்வு அமைதியாகவே கழிந்திருக்கும். ஆனால் 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில் முன்னின்று உழைத்தார். ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்னும் பட்டம் சூட்டியது அம்மாநாடே. மறுநாளே மறியலில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார்.

சிறைக்கு அஞ்சாத அம்மையார் அடுத்துக் கையில் எடுத்தது ஊதியச் சிக்கலை. அந்நாளில் ஒரே பள்ளியில், ஒரே மாணவர்க்குப் பாடம் சொன்னாலும், தமிழாசிரியர் பெற்ற சம்பளம் பிறபாட ஆசிரியர் பெற்றதினும் குறைவு. தமிழை விரும்பிக் கற்றவர், அவ்விருப்பத்துக்கு விலையாகத் தம் குடும்பத்தின் நலத்தைத் தரவேண்டியிருந்தது. இத்தாழ்வைத் துடைக்க, 1940-களில் அம்மையார் 'இழவு வாரம்' என்னும் பெயரில் கிளர்ச்சி நடத்தினார். சாவு வீட்டுச் சொல்லைப் போராட்டத்துக்குப் பெயராக்கிய துணிவு ஊரைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராயிருந்த அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், தமிழாசிரியர்க்கும் மற்றவர்க்கு இணையான ஊதியம் என்னும் நிலை ஏற்பட்டது.

ஒன்று இங்கே எண்ணத்தக்கது. அம்மையார் பள்ளித் தமிழாசிரியர் அல்லர். அவ்வுயர்வால் அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை. தமக்கென்று வரும்போது வருவாயைப் பின்தள்ளியவர், பிறர்க்கென்று வரும்போது காசைக் கணக்கிட்டே கேட்டார். இவ்விரண்டும் முரண் போலத் தோன்றினும் வேர் ஒன்றே. பற்றுள்ளவர் தம் ஊதியத்தைத் தாமே விட்டுக்கொடுக்கலாம், அது ஈகை. அப்பற்றையே காரணம் காட்டிப் பிறர் அதைக் குறைப்பது சுரண்டல். இவ்வேறுபாட்டை அம்மையார் ஐயமற உணர்ந்திருந்தார்.

1951-இல் அவருக்கு வீரத்தமிழன்னை என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. சென்னைத் தரமணியில் உள்ள அரசு மகளிர் பாலிடெக்னிக் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. கைம்பெண் மறுமணத்துக்கு உதவும் தமிழக அரசின் திட்டத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது. தமிழ் சொல்லித் தந்து குடும்பம் காக்கும் ஒவ்வொருவர் சம்பளத்திலும் அவ்வம்மையாரின் பங்கு உண்டு.