குழந்தைகளின் தோட்டக்காரர்

தவணைப் பரீட்சை முடிந்திருந்த மார்ச் மாதம் அது. என் சாச்சி கற்பிக்கும் முன்பள்ளிக்கு ஒரு வாரம் உதவிக்குப் போயிருந்தேன். அந்த வாரத்துக்கான தலைப்பு வசந்தகாலம். நமது நாட்டில் வசந்தகாலம் என்று தனியாக ஒன்று இல்லைதான். ஆனாலும் முன்பள்ளி வேலியில் முள்முருக்கு சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. பிள்ளைகளுக்குக் கடதாசியில் பூ மடிக்கச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு.

துலிப் பூ மடிப்பது மிகவும் இலகு. சதுரக் கடதாசியை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் வரும். அதன் நீண்ட பக்கத்தை நம்மை நோக்கி வைத்து, இரண்டு ஓர மூலைகளையும் சற்றுச் சாய்வாக மேலே மடித்தால் மூன்று இதழ்கள் தெரியும். பச்சைக் கடதாசிக் கீலம் ஒன்றை ஒட்டினால் தண்டு. இவ்வளவுதான். ஆனால் நான்கு வயது விரல்களுக்கு மூலையோடு மூலையைச் சேர்ப்பது பெரிய காரியம். என் பக்கத்திலிருந்த சிறுமியின் முக்கோணம் கோணிப் போயிற்று. நான் பொறுமையிழந்து, அவள் கையிலிருந்த கடதாசியைப் பறித்து, நேராக மடித்து, நகத்தால் அழுத்தி, அழகான பூவாகத் திருப்பிக் கொடுத்தேன்.

வீடு செல்லும் நேரம் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பூக்களை உம்மாமாரிடம் காட்ட ஓடினார்கள். அவளுடைய பூ மட்டும் மேசையிலேயே கிடந்தது. ஏன் எடுத்துப் போகவில்லை என்று கேட்டேன். அது தாத்தா செய்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிரவு நடந்ததைச் சாச்சியிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியின்போது தான் படித்த புத்தகத்தை எடுத்துத் தந்து, முதலில் இந்த மனிதரைப் பற்றி வாசிக்கும்படி சொன்னார். அந்த மனிதர்தான் பிரெட்ரிக் புரோபல்.

புரோபல் 1782 ஏப்ரல் 21 ஆம் திகதி, ஜேர்மனியின் துரிங்கியாக் காட்டுப் பகுதியில் உள்ள ஒபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். பிறந்தது வசந்தகாலத்தில், ஆனால் அவருடைய குழந்தைப் பருவத்தில் வசந்தம் இருக்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். தந்தை ஒரு கிறிஸ்தவ மதகுரு. பணியில் மூழ்கியிருந்த அவருக்கு மகனோடு இருக்க நேரம் கிடைக்கவில்லை. சிற்றன்னை முதலில் அன்பாக இருந்தாலும், தனக்கென ஒரு குழந்தை பிறந்ததும் விலகிப் போனார். பேச ஆளில்லாத அந்தச் சிறுவன் தோட்டத்துச் செடிகளோடு பொழுதைக் கழித்தான். பத்து வயதில் மாமா தம்மிடம் அழைத்துக்கொண்ட பிறகே அன்பான வீடு எப்படியிருக்கும் என்று அவன் அறிந்தான்.

இளமையிலும் அவருக்கு வழி நேராக அமையவில்லை. காட்டு அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகினார். ஜெனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கடனைக் கட்ட முடியாமல் அந்தப் பல்கலைக்கழகத்தின் சிறையிலேயே ஒன்பது வாரங்கள் இருந்தார். 1805 இல் கட்டடக் கலை படிக்கும் எண்ணத்தோடு பிராங்பேர்ட் நகருக்குப் போனார். அங்கே ஒரு பாடசாலையில் கற்பிக்கும் வாய்ப்புத் தற்செயலாகக் கிடைத்தது. பிள்ளைகள் முன் நின்றபோது, இதுவே தமக்குரிய இடம் என்று அவருக்குப் புரிந்தது. பின்னர் சுவிற்சர்லாந்து சென்று புகழ்பெற்ற கல்வியாளர் பெஸ்டலோசியின் பாடசாலையில் 1808 முதல் 1810 வரை இருந்து கற்றார். அதன்பின் பேர்லினில் கனிமப் பளிங்குகளை ஆராய்ந்தார். ஓர் ஒழுங்கான வடிவம் உள்ளிருந்தே வளர்ந்து வருவதை அவர் கல்லிலும் கண்டார்.

1816 இல் சொந்தமாக ஒரு பாடசாலை தொடங்கினார். அடுத்த ஆண்டு அது கைல்ஹாவ் என்ற கிராமத்துக்கு மாறியது. மனிதக் கல்வி பற்றிய அவரது நூல் 1826 இல் வெளிவந்தது. பெரிய பிள்ளைகளைக் கற்பிக்கக் கற்பிக்க, பாடசாலைக்கு வருமுன்னரே பல விடயங்கள் தவறிப்போய்விடுகின்றன என்று அவருக்குத் தோன்றியது. 1837 இல், 55 வயதில், பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூரில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான பணியை ஆரம்பித்தார். 1839 இல் மனைவி வில்ஹெல்மினே காலமானார். அந்தத் துக்கத்துக்கு அடுத்த ஆண்டுதான் அவர் தமது முயற்சிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அது வெறும் பெயரல்ல. அங்கே உண்மையான தோட்டமும் இருக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி வேண்டும் என்று அவர் விரும்பினார். தாயற்ற சிறுவனுக்குத் துணையிருந்த தோட்டத்தை அவர் எல்லாப் பிள்ளைகளுக்குமாகத் திறந்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தவை விலையுயர்ந்த பொருட்கள் அல்ல. நூலால் பின்னிய பந்து, மரத்தாலான கோளம், கனவுரு, உருளை, சிறு கட்டைகள். இவற்றோடு களிமண், பின்னல் கீலங்கள், மடிப்பதற்குச் சதுரக் கடதாசி. கடதாசி மடித்தலில் அவர் மூன்று வகைகளைக் கண்டார். படகு, மேசை போன்று வாழ்க்கையில் காணும் வடிவங்கள் ஒரு வகை. அரை, கால், முக்கோணம், கோணம் என்று கணிதத்தை விரலுக்கு உணர்த்தும் வடிவங்கள் இன்னொரு வகை. பூப்போலவும் நட்சத்திரம் போலவும் சமச்சீராக விரியும் அழகு வடிவங்கள் மூன்றாவது வகை. ஒரே சதுரம்; வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை. பிள்ளை தானே மடித்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். இதை வாசித்தபோது மேசையில் கிடந்த அந்தப் பூ என் கண்முன் வந்தது. நான் அவளுக்கு ஒரு பூவைக் கொடுத்துவிட்டு, மூன்று வகைக் கல்வியையும் அவள் கையிலிருந்து எடுத்துவிட்டேன்.

சிறு பிள்ளைகளைக் கற்பிக்கப் பெண்களே பொருத்தமானவர்கள் என்று நம்பிய புரோபல், இளம் பெண்களுக்குப் பயிற்சியளித்தார். பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே மதிப்பான தொழில் அரிதாயிருந்த காலம் அது. அவரது முயற்சி பரவி வந்த வேளையில், 1851 ஆகஸ்ட் மாதம் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. சமயத்துக்கும் அரசுக்கும் எதிரான கருத்துகள் அங்கே விதைக்கப்படுகின்றன என்பது குற்றச்சாட்டு. உண்மையில், அரசியல் எழுத்துகள் எழுதிய அவருடைய சகோதரர் மகன் கார்லின் கருத்துகளையும் இவருடையவற்றையும் அதிகாரிகள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். விளக்கமளித்தும் பயனில்லை. 1852 ஜூன் 21 ஆம் திகதி, 70 ஆவது வயதில், தடை நீங்காத நிலையிலேயே அவர் காலமானார். 1860 இல்தான் தடை நீக்கப்பட்டது.

ஆனால் அவரிடம் பயின்ற பெண்கள் சும்மா இருக்கவில்லை. நாடு நாடாகச் சென்று அவரது முறையைப் பரப்பினார்கள். 1876 இல் யப்பானில் டோக்கியோப் பெண்கள் ஆசிரியர் கல்லூரியோடு ஒரு கிண்டர்கார்டன் தொடங்கப்பட்டது. அந்த நாட்டுக்கே உரிய பழைய கடதாசி மடிப்புக் கலையோடு புரோபலின் மடிப்புகளும் அங்கே கலந்தன. என்னை அதிகம் வியக்க வைத்தது வேறொரு செய்தி. 1893 இல் சென்னையில் சுந்தர ராவ் என்பவர், கடதாசி மடிப்பின் மூலம் கேத்திரகணிதம் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். கிண்டர்கார்டன் பிள்ளைகளின் கடதாசி மடிப்பே அதற்குத் தூண்டுகோல். அந்த நூல் பின்னர் அமெரிக்காவிலும் அச்சாயிற்று. துரிங்கியாவின் ஒரு சதுரக் கடதாசி சென்னைக்கு வந்து கணித நூலாகிக் கடல் கடந்தது.

அந்த வாரத்தின் கடைசி நாள், அதே சிறுமியிடம் புதிதாக ஒரு மஞ்சள் கடதாசியைக் கொடுத்தேன். எனக்கென்றும் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளருகில் உட்கார்ந்து மெதுவாக மடித்தேன். அவள் பார்த்தாள், மடித்தாள், பிரித்தாள், மீண்டும் மடித்தாள். உதவிக்குப் போகத் துடித்த என் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் அன்று எனக்கு மிகவும் கஷ்டமான வேலை. அவளுடைய பூவின் ஓர் இதழ் பெரிது, மற்றது சிறிது. தண்டும் சாய்ந்தே நின்றது. மணி அடித்ததும் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கசங்கிவிடாமல், வாசலில் நின்ற உம்மாவிடம் ஓடினாள்.

நான் மடித்த பூ இப்போது என் உயர்தரக் குறிப்புப் புத்தகத்துக்குள் இருக்கிறது.