கழற்றினால்தான் தெரியும்

நீங்க கடைசியா எப்போ ஒரு என்ஜினைக் கழற்றினீங்க? நான் போன லீவுல தான், போளூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில், செகண்ட் ஹேண்டா வாங்கின கோ-கார்ட் என்ஜின் முன்னாடி நின்னேன். ஃபைனல் இயர் மெக்கானிக்கல், ஆனா ஸ்பேனரைத் தொடப் பயம். அப்போ ஞாபகம் வந்தவர் ஜி.டி. நாயுடு.

1893-ல் கோவை பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சே ஆகணும். கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்தப் பழைய வண்டியையே வாங்கினார். ஊர் சுற்றவில்லை, பாகம் பாகமாகக் கழற்றி, திரும்ப மாட்டினார். அதுதான் அவருடைய காலேஜ்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார், டிரைவரும் அவரே. அதுவே யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமானவரும் அவரே. நாலு வருஷப் படிப்பு வீண், செய்முறையோடு ரெண்டு வருஷம் போதும் என்றார். அரசு ஏற்கவில்லை; விலகிவிட்டார். 1974-ல் மறைந்தார்.

நாம அந்த நாலு வருஷத்தையும் முடிக்கப் போறோம். அவர் சொன்னது தப்புன்னு நிரூபிக்க வேண்டியது நம்ம கைதான்.

நான் ஹெட் போல்ட்டைக் கழற்றிட்டேன். நீங்க?