காமராஜரின் மதிய உணவு: எல்லாப் பிள்ளைகளுக்குமா, ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

ஒவ்வொரு ஜூலை 15-ம் தேதியும் வாட்ஸ்அப் குரூப்களில் காமராஜர் படம் சுற்றும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். கீழே, தமிழ்நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டவர் என்று ஒரு வரி இருக்கும். நல்ல வரிதான், ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. 1956-ல் அவர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டுமானது. எல்லாருக்கும் என்று ஆவதற்கு இன்னும் 26 வருஷம் பிடித்தது.

அவரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் அரசு எதற்குச் சாப்பாடு போடணும், தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் பணம் மிச்சமாகுமே என்று ஆபீஸ் கேன்டீனில் இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் காமராஜர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

விருதுபட்டி வீடு

இன்றைய விருதுநகருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். 1903 ஜூலை 15 அன்று காமராஜர் அங்கே பிறந்தார். அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரி. பெரிய பணக்காரக் குடும்பம் இல்லை, ஆனால் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டதும் இல்லை. காமராஜருக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா சிவகாமி நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் போட்டுவைத்து, வந்த வட்டியில் மகனையும் மகள் நாகம்மாளையும் வளர்த்தார்.

அந்த வீட்டுக்கு இன்றைய பாணியில் ஒரு விண்ணப்பப் படிவம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குடும்பத் தொழில்: வியாபாரம். வட்டி வருமானம்: உண்டு. வேலைக்குப் போகிற உறவினர்: தாய்மாமன், ஜவுளிக்கடை. படிவத்தைப் பார்க்கும் அதிகாரி இதை ஏழைக் குடும்பம் என்று எழுதியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். வருமானச் சான்று காட்டுவது ஒரு தேதியின் நிலைமையை. குடும்பம் சரிவது அந்தத் தேதிக்கு அடுத்த வாரமாகவும் இருக்கலாம்.

அவர் படித்த சத்திரிய வித்யாசாலாவில் கட்டணம் கிடையாது. ஊர் நாடார் குடும்பங்கள் கொடுத்த மகமையும், வீட்டுக்கு வீடு தினமும் எடுத்துவைத்த பிடி அரிசியும்தான் அந்தப் பள்ளியைத் தாங்கின. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். அதைச் சேர்த்து விற்றுப் பள்ளி நடக்கும். ஒரு சமூகம் தன் எல்லாப் பிள்ளைகளுக்குமாக நடத்திய ஏற்பாடு அது. ஆனாலும் காமராஜரால் ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பைத் தொடர முடியவில்லை. மாமாவின் ஜவுளிக்கடையில் போய் உட்கார்ந்தார். கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஒரு பையன் பள்ளியில் நின்றுவிட மாட்டான் என்பது அவருக்குச் சொந்த அனுபவம்.

அதற்குப் பிறகு காங்கிரஸ், உப்புச் சத்தியாகிரகம், அலிப்பூர் சிறை, மொத்தத்தில் ஒன்பது வருஷத்துக்கு நெருக்கமான சிறைவாசம். அது தனிக் கதை. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார்.

பட்டியலில் யார் பெயர்?

பதவிக்கு வந்ததும், பிள்ளைகள் அரை நாள் படித்துவிட்டு மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்ற ராஜாஜி காலத்துக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறந்தன. பள்ளி வந்தாலும் பிள்ளைகள் வரவில்லை. ஆடு மேய்த்த சிறுவன் ஒருவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராஜர் விசாரித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்கிறவரைப் பொறுத்து ஊர் மாறும். ஆனால் அதில் இருக்கும் பிரச்சினை உண்மையானது. பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டால் அன்றைய கூலியோ கஞ்சியோ அதற்குக் கிடையாது.

காமராஜரும் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் தேர்ந்தெடுத்த வழி, ஊராரைச் சேர்த்துக்கொள்வது. செலவில் ஒரு பங்கு அரசுடையது, மீதி ஊருடையது. சில ஊர்களில் அரிசி, சில ஊர்களில் விறகும் காய்கறியும். 1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கேர் உணவுப் பொருள்களைத் தந்தது. ஒருவகையில், விருதுபட்டியின் பிடி அரிசியை மாநிலம் முழுக்கப் பரப்பிய மாதிரிதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. பணம் அளவோடுதான் இருந்தது என்பதால், யாருக்குச் சாப்பாடு என்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மத்தியானம் மணி அடித்ததும் யார் தட்டை எடுக்கிறார்கள் என்பதை வகுப்பே பார்க்கும். இதே ஆட்சிதான் பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கித் தர ஊராரைத் தூண்டியது. ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு உடையில் தெரியக் கூடாது என்பது அதன் நோக்கம். சட்டையில் மறைக்கப்பட்ட கோடு சாப்பாட்டு வரிசையில் தெரிந்தது.

சரி, ஏன் எல்லாருக்கும் போடவில்லை? 1956-ன் மெட்ராஸ் மாநில பட்ஜெட்டில் கை வைத்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் புரியும். புதுப் பள்ளி, ஆசிரியர் சம்பளம், அணைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பணம் கேட்டன. நூறு பள்ளியில் எல்லாருக்கும் போடுவதா, ஆயிரம் பள்ளியில் சிலருக்குப் போடுவதா என்றால், அந்த நாளில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் பரவட்டும், பிறகு ஆழமாகட்டும் என்ற கணக்கு அது.

அதே ஆட்சி, பள்ளிக் கட்டணத்தில் வேறு பாதையில் போனது. 1960-ல் உயர்நிலைப் பள்ளிவரை இலவசக் கல்வி என்று அறிவித்தபோது, பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குள் இருக்கணும் என்ற வரம்பு இருந்தது. அதாவது மாதம் 100 ரூபாய். கூலிக்குப் போகிறவரின் வருமானத்துக்கு எந்தக் காகிதமும் கிடையாது. மாதம் 105 ரூபாய் வாங்கும் குமாஸ்தாவுக்குச் சம்பளச் சீட்டு உண்டு, அதனாலேயே அவர் பிள்ளை வெளியே நிற்கும். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வரம்பே போனது. கட்டணத்தில் சீக்கிரம் போன கோடு சோற்றில் ஏன் நின்றது? ஏற்கெனவே நடக்கிற வகுப்பில் கூடுதலாக ஒரு பிள்ளை உட்கார்ந்தால் அரசுக்குப் பெரிய செலவில்லை. சாப்பாடு அப்படி இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் தினமும் காசு வேண்டும்.

தரவோடு வேலை செய்கிறவள் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆகணும். காமராஜர் காலத்தில் மாணவர் சேர்க்கை கிடுகிடுவென ஏறியதற்கு மதிய உணவுதான் காரணம் என்று போடும் கிராஃப்களை நம்ப வேண்டாம். 1956-ல் மாநில எல்லையே மாறியது. மலபார் போனது, கன்னியாகுமரி வந்தது. பள்ளிகள், கட்டண விலக்கு, சாப்பாடு எல்லாம் ஒன்றாக வந்ததால் எது எவ்வளவு இழுத்தது என்று பிரிக்க முடியாது.

அவருக்குப் பிறகு

1963-ல் கட்சி வேலைக்காகப் பதவியை விட்டார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். 1975 அக்டோபர் 2 அன்று காலமானார்.

பசியைச் சின்ன வயதில் பார்த்த இன்னொருவர், எம்.ஜி.ஆர்., 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறத்தில் 2 முதல் 9 வயதுவரை, அதே செப்டம்பரில் நகரங்களிலும், 1984-ல் 15 வயதுவரை. யார் ஏழை என்று பார்த்து எடுக்கும் முறை போனது. இது வீண் செலவு என்ற விமர்சனம் அன்று பலமாகவே இருந்தது. 2001 நவம்பர் 28 அன்று, எல்லா அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரணும் என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க உத்தரவிட்டது. குறைந்தது 300 கலோரி, வருஷத்துக்கு 200 நாள். 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை 8-ம் வகுப்புவரை உரிமையாக்கியது. பிஎம் போஷன் என்று 2021-ல் பெயர் மாறியபோது திட்டத்தில் 11.8 கோடி பிள்ளைகள் இருந்தார்கள்.

எல்லாருக்கும் என்றாலும் அது முழு உண்மை இல்லை. இப்போது கோடு வருமானத்தில் இல்லை, பள்ளி வாசலில் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்த ஆட்டோ டிரைவரின் பிள்ளைக்கு இந்தத் தட்டு கிடையாது. வசதியானவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே அரசுப் பள்ளியை விட்டுப் போய்விட்டதால், இருக்கிற பிள்ளைகளை இன்னொரு முறை வடிகட்டி மிச்சம் பிடிக்கவும் அதிகம் இல்லை.

2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிவானது. யாரிடமும் வருமானச் சான்று கேட்கவில்லை. 1-ம் வகுப்பிலிருந்து 5-ம் வகுப்புவரை படிக்கும் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு. காமராஜர் படிப்பை விட்ட ஆறாம் வகுப்பு அதில் இல்லை.