பழைய கருவி, புதிய கலை: ஆர். நடராஜ முதலியார்

ஒரு கலை ஒரு நாட்டில் வேர்கொள்ளும்போது, அதற்குக் கருவி கிடைத்த கதையை எவரும் எழுதிவைப்பதில்லை. கவிஞனின் முதற்பாட்டு நினைக்கப்படும்; அவன் எழுத்தாணியை யாரிடம் பெற்றான் என்பது மறக்கப்படும். தமிழகத்தில் திரைக்கலை பிறந்த வரலாறு இதற்கு நேர்மாறானது. தென்னாட்டின் முதற் கதைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார், தம் காமிராவை யாரிடமிருந்து, என்ன விலைக்கு வாங்கினார் என்ற செய்தி எஞ்சி நிற்கிறது. அந்தக் காமிரா பதிவு செய்த படமோ எஞ்சவில்லை.

நடராஜ முதலியார் 1885இல் வேலூரில் பிறந்தவர். வணிகம் நாடிச் சென்னைக்கு வந்து, உறவினர் தருமலிங்க முதலியாரோடு கூட்டாக மிதிவண்டி வாணிபம் தொடங்கினார்; பின்னர் மோட்டார் வண்டிகளும் அவற்றின் உதிரிப்பாகங்களும் விற்கும் தொழிலுக்கு உயர்ந்தார். திரைக்கலைக்கு வந்த பலரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். இவர் இயந்திரங்களின் நடுவிலிருந்து வந்தவர். ஒரு பொறியைப் பிரித்துப் பார்க்கவும், பூட்டவும், அதன் குறையை ஓசையிலேயே அறியவும் பழகிய கைகள் அவருடையவை. அந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

முன்னோடிகள்

அந்நாளில் திரைப்படம் என்பது தமிழகத்தில் காட்டப்படும் பொருளாக இருந்ததேயன்றி எடுக்கப்படும் பொருளாக இல்லை. திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் அவ்வூருக்கு வந்த தூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையைத் துறந்து ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். தமிழர் கையில் திரைக்கலை முதலில் வந்து சேர்ந்ததே, வேறொருவர் பயன்படுத்திய பழைய கருவியின் வடிவில்தான் என்பது நினைவுகூரத்தக்கது.

1913இல் தாதாசாகேப் பால்கே அவர்களின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ பம்பாயில் திரையிடப்பட்டது. பால்கே 1912இல் இலண்டன் சென்று, வில்லியம்சன் காமிராவும், படச்சுருளின் விளிம்பில் துளையிடும் பொறியும் வாங்கி வந்து அப்படத்தை எடுத்திருந்தார். பால்கேயின் படங்களைக் கண்ட நடராஜ முதலியாரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது: மராட்டிய மண்ணில் இயன்றது தமிழ் மண்ணில் ஏன் இயலாது?

இலண்டன் செல்ல வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் பூனாவில் இருந்தார். கர்சன் பிரபுவின் ஆட்சிக்காலத்தைப் பற்றிய செய்திப்படத்தில் பணியாற்றியவர் அவர். முதலியார் அவரை அடைந்து, காமிராவைக் கையாளும் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டார். முப்பது வயதை எட்டிய, நிலைபெற்ற வணிகர் ஒருவர் மாணவராகி நின்று கற்ற கல்வி அது.

தஞ்சையிலிருந்து வந்த காமிரா

கல்வி கிடைத்தது, கருவி வேண்டும். தஞ்சைப் பகுதியின் பெருநிலக்கிழாரான மூப்பனார் ஒருவரிடம் 35 மில்லிமீட்டர் வில்லியம்சன் காமிராவும், படப்பிரதி எடுக்கும் பொறியும் இருந்தன. அவ்விரண்டையும் 1,800 ரூபாய்க்கு நடராஜ முதலியார் வாங்கினார். ஒரு செல்வர் வீட்டின் அரும்பொருள், ஒரு கலையின் முதற்கருவியாக மாறிய நாள் அது.

வில்லியம்சன் காமிரா என்பது மரப்பெட்டிக்குள் அமைந்த எளிய பொறி. இங்கிலாந்தில் மருந்துக்கடை நடத்திப் பின் திரைப்படத் துறைக்கு வந்த ஜேம்ஸ் வில்லியம்சனின் நிறுவனம் அதனைச் செய்தது. பெட்டியின் பக்கத்தில் கைப்பிடி, முன்புறம் ஒரு கண்ணாடி வில்லை, உள்ளே படச்சுருள். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் எட்டுப் படங்கள் பதியும். வினாடிக்கு இரண்டு சுற்று என்ற கணக்கில், கை தளராமலும் விரையாமலும் சுற்றினால் வினாடிக்குப் பதினாறு படங்கள். சுற்று விரைந்தால் திரையில் மாந்தர் மெல்ல மிதப்பர். சுற்று தளர்ந்தால் ஓடித் துள்ளுவர். காலத்தை அளக்கும் கருவி காமிராவுக்குள் இல்லை. அதனைச் சுற்றுபவரின் மணிக்கட்டில் இருந்தது. தாளம் தவறாத பாணனைப் போல அவர் நிற்க வேண்டியிருந்தது.

பழைய காமிராவை வாங்குவோர் கண்ணுங்கருத்துமாக ஆராய வேண்டியவை பல. வில்லையில் கீறல் உண்டா, இரு கண்ணாடிகளை ஒட்டிய பிசின் விட்டிருக்கிறதா, கடலோர ஈரக்காற்றில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, ஒளித்துளையின் இதழ்கள் தடையின்றி விரிந்து சுருங்குகின்றனவா, பெட்டியின் மூட்டுகளில் ஒளி கசிகிறதா என்றெல்லாம் நோக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் பல நாள் உழைப்பு ஒரு கரும்புகையாகப் பதிந்துவிடும். மேலும், அக்கால வில்லைகளுக்கு ஒளித்தெறிப்பைத் தடுக்கும் மேற்பூச்சு கிடையாது. அம்முறையை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் கண்டறிந்தது 1935இல்தான். ஆதலால் கதிரவன் வில்லைக்கு நேரே விழுந்தால் படம் வெளுத்துப்போகும். இன்று அத்தகைய பழைய வில்லைகளைத் தேடி வாங்கும் ஆர்வலர்கள், அந்த வெளுப்பையே ஓர் அழகாகக் கொள்கின்றனர். முதலியாருக்கோ அது அழகன்று, இடையூறு.

பந்தலின் கீழ் ஒரு பாரதம்

கூட்டாளிகளின் முதலீட்டோடு இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவிய முதலியார், சென்னைப் புரசைவாக்கத்தில் மில்லர்ஸ் சாலையில் படநிலையம் அமைத்தார். தென்னிந்தியாவின் முதற் படநிலையம் அதுவே. எந்தக் கதையை எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த நாடகப் பேராசான் பம்மல் சம்பந்த முதலியாரை அணுகினார். விராட நகரில் மறைந்து வாழும் திரௌபதியைக் கீசகன் விரும்பி அலைக்கழிக்க, வீமன் அவனைக் கொல்லும் கதையை அவர் சுட்டினார். முதற்படத்துக்குக் காமமும் கொலையும் நிறைந்த கதையா என்று உறவினர் சிலர் தடுத்தனர். சம்பந்த முதலியாரின் ஊக்கமொழி வென்றது; கதை நிலைத்தது.

நடிகர்களுக்குப் பயிற்சியளிக்க, வழக்கறிஞரும் மேடையில் பெண்வேடமேற்பதில் புகழ்பெற்றவருமான ரங்கவடிவேலு முன்வந்தார். ராஜு முதலியார் கீசகனாகவும், ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர். படச்சுருள், கோடாக் நிறுவனத்தின் பம்பாய்க் கிளையில் பணியாற்றிய கார்ப்பெண்டர் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் இலண்டனிலிருந்து வந்தது.

மின்விளக்கின் துணையில்லை. மேற்கூரைக்கு மாற்றாக மெல்லிய வெள்ளைத் துணி கட்டப்பட்டது. சென்னையின் கடும்வெயில் அத்துணியில் வடிந்து, நிழலின் கூர்மை நீங்கி, மென்மையாக நடிகர்மேல் இறங்கியது. திருமணப் பந்தலின் கீழ் விழும் ஒளியை அறிந்தோர்க்கு அந்த ஒளியும் விளங்கும். அந்நாளைய படச்சுருள் சிவப்பை உணராதது. குங்குமமும் செம்பட்டும் அதில் கருமையாகவே பதியும். அவ்வொளியையும் அச்சுருளின் இயல்பையும் அறிந்து படமெடுத்தவர் முதலியாரே. தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய நான்கும் அவர் கையில் இருந்தன.

முப்பத்தைந்து நாட்களுக்கு மேல் படப்பிடிப்பு நடந்தது. முடிந்த படத்தின் நீளம் 6,000 அடி. ஓர் அடிக்குப் பதினாறு படங்கள் எனில், ஏறத்தாழ 96,000 படங்கள். கைப்பிடிக்கு ஏறத்தாழ 12,000 சுற்றுகள். திரையில் அது நூறு நிமிடம்.

பெங்களூர்ப் பயணங்கள்

படம் பதிவானால் மட்டும் போதாது. அதனைக் கழுவித் துலக்க வேண்டும். படச்சுருளின்மேல் பூசப்பட்ட ஊன்பசை வெப்பத்தில் இளகி ஊதும். மருந்துநீர் சூடேறினால் உருவங்கள் சிதையும். குளிர்பதன வசதியற்ற அந்நாளில் சென்னையின் வெக்கை இதற்கு ஒவ்வாது. ஆகவே தட்பமான பெங்களூரில் படங்கழுவும் கூடத்தை முதலியார் ஏற்படுத்தினார். நாராயணசாமி ஆச்சாரி என்னும் உதவியாளர் அதனைக் கவனித்துவந்தார். வார இறுதிதோறும் முதலியார் பெங்களூர் சென்று, பதிவான சுருள்களைத் துலக்கி வந்தார்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதை திருவள்ளூர், அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியே செல்வது. இன்று மணவாள நகர் மக்கள் நாள்தோறும் கேட்கும் வண்டியோசை அப்பாதையினுடையதே. ஒளிபட்டால் அழிந்துவிடும் சுருள்கள், இன்னும் எவர் கண்ணும் காணாத திரௌபதியையும் கீசகனையும் உள்ளடக்கி, பெட்டிகளில் இருள் காத்துப் பயணம் செய்வதற்கு இருந்த வழி இதுவே. அவற்றில் உருவம் தெளிந்திருக்கிறதா, கை பிசகியிருக்கிறதா என்பது பெங்களூரின் இருட்டறையில்தான் தெரியும். அதுவரை வேலை நடந்ததா, வீணானதா என்று அறிய வழியில்லை. வாரந்தோறும் அந்த ஐயத்தைச் சுமந்து சென்ற மனத்தின் உறுதியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊமைப்படமாதலின் உரையாடல்கள் எழுத்துப் பலகைகளாக இடையே வந்தன. தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்தவற்றைச் சம்பந்த முதலியாரும், குருசாமி முதலியார், பச்சையப்பன் கல்லூரியைச் சேர்ந்த திருவேங்கட முதலியார் ஆகியோரும் எழுதினர். இந்தி வாசகங்களை, 1918இல் சென்னைக்கு இந்தி கற்பிக்க வந்த காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி எழுதியதாகக் குறிப்புகள் கூறுகின்றன. ‘கீசக வதம்’ வெளிவந்த ஆண்டினை 1916 என்றும், 1917 என்றும், 1918 என்றும் ஆய்வாளர் வேறுபடக் கூறுவர். மவுண்ட் ரோட்டில் இருந்த எல்பின்ஸ்டன் திரையரங்கில் அது முதலில் திரையிடப்பட்டது.

35,000 ரூபாய்ச் செலவில் உருவான படம், இந்தியாவிலும் பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் ஓடி 50,000 ரூபாய் ஈட்டியது. மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்கினும் சற்றே மிகுந்த தொகைதான் அந்தப் பழைய காமிராவுக்கும் பொறிக்கும் போனது. எஞ்சியதெல்லாம் மனித உழைப்புக்கும், படச்சுருளுக்கும், பயணத்துக்கும் உரியதாயிற்று.

தீயும் மௌனமும்

தொடர்ந்து ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவகுசா’, ‘ருக்மணி சத்தியபாமா’, ‘மயில் ராவணன்’ முதலிய புராணப்படங்களை முதலியார் எடுத்தார். குலமகளிர் காமிராவின் முன் நிற்கத் தயங்கிய அக்காலத்தில், திரௌபதி வேடத்துக்கு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி ஒருவரை நடிக்கச் செய்தார்.

1923ஆம் ஆண்டு அவர் வாழ்வை இரண்டாகப் பிளந்தது. படநிலையம் தீக்கிரையாயிற்று, மகனையும் அவர் இழந்தார். அந்நாளைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றுவது, தனக்கு வேண்டிய உயிர்வளியைத் தானே வெளியிடுவதால் நீரில் மூழ்கினாலும் எரிவது. அத்தகைய பொருளைச் சேர்த்துவைத்த இடம் எதுவாயினும் அது தீயின் மடியில் இருந்த இடமே.

முப்பத்தெட்டு வயதில் நடராஜ முதலியார் திரைத்தொழிலை விட்டு விலகினார், மீளவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த காலம் வாழ்ந்தார். 1931இல் தமிழ்த்திரை பேசத் தொடங்கியதையும், கோடம்பாக்கம் நகரமாக வளர்ந்ததையும், தாம் மரப்பெட்டியைச் சுற்றித் தொடங்கிய தொழில் ஆயிரக்கணக்கானோரின் வாழ்வாதாரமானதையும் அவர் கண்டார். 1971இல் மறைந்தார்.

அவர் எடுத்த படங்களில் ஒன்றின் பிரதியும் இன்று கிடைப்பதாகத் தெரியவில்லை. நாட்டின் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964இல்தான் தோன்றியது. அது தோன்றிய ஊர் பூனா. முதலியார் மாணவராக நின்று காமிராப் பயின்ற அதே ஊர். முன்னமே தோன்றியிருப்பின் அவர் கைச்சுற்றின் தாளம் அங்கே காக்கப்பட்டிருக்கும்.

செல்லரித்த ஏடுகளால் இழந்த நூல்களின் பெயர்களை மட்டும் உரையாசிரியர்களின் வழியே அறிந்து ஏங்குவது தமிழர்க்குப் பழகிய துயரம். இருபதாம் நூற்றாண்டில் பிறந்த கலைக்கும் அதே கதி நேர்ந்தது. அழிந்த நூலுக்கு அதன் பெயரும் அதனைச் சொல்லியவர் நினைவுமே அடையாளம். அழிந்த படத்துக்கும் அவ்வாறே. நடராஜ முதலியார் விட்டுச்சென்றவை சில தொகைகள், சில பெயர்கள், ஒரு தெருவின் பெயர், ஒரு காமிராவின் விலை. இவ்வளவையும் எவரோ எழுதிவைத்ததனால்தான் அவர் இன்றும் நினைக்கப்படுகிறார். எழுதிவைப்பதைக் கடமையாகக் கொண்ட அமைப்புகள் ஊருக்கு ஒன்றேனும் வேண்டும் என்பதற்கு இவ்வாழ்க்கையினும் வேறு சான்று வேண்டியதில்லை.