கரணை பிடித்த கை வரைந்த படம்: பிராங்க் கில்பிரெத் வரலாறு

நம் குடும்பங்களில் வணிகப் பகுப்பாய்வாளர் என்னும் பெயரோடு பணியாற்றும் இளைஞர் பலர் உளர். ஒரு நிறுவனத்தில் ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, எவரெவர் கை மாறுகிறது, எங்கே முடிகிறது என்பதைப் படமாக வரைந்து, அதில் வீணானவற்றை நீக்கிச் சீர்செய்வது அவர்தம் தொழில். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கும் பாட்டிக்கு அதை விளக்க அவர்கள் படும் பாடு பெரிது. அத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் கணினியைக் கண்டவரல்லர். கரணை பிடித்துக் கல் வைத்தவர். பிராங்க் பங்கர் கில்பிரெத் என்பது அவர் பெயர்.

அமெரிக்க நாட்டின் மெய்ன் மாநிலத்தில் பேர்பீல்டு என்னும் ஊரில் 1868 ஜூலை 7ஆம் நாள் அவர் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாயின் வளர்ப்பில் பாஸ்டன் நகரில் படித்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்விலும் தேறினார். ஆயினும் கல்லூரிக்குச் செல்லாமல், 1885இல், தம் பதினேழாம் வயதில், கட்டட வேலையில் பயிலாளராகச் சேர்ந்தார்.

சேர்ந்த சில நாள்களிலேயே ஒரு விந்தை அவர் கண்ணிற்பட்டது. கொத்தனார்கள் ஒருவரைப்போல் ஒருவர் கல் வைக்கவில்லை. அதுமட்டுமன்று, ஒரே கொத்தனார் மூன்று விதமாக வேலை செய்தார். புதியவனுக்குக் கற்பிக்கும்போது ஒரு முறை, மெல்லச் செய்யும்போது ஒரு முறை, விரைந்து முடிக்கவேண்டியபோது வேறொரு முறை. தாம் சொல்வது வேறு, செய்வது வேறு என்பதை அவரே அறியார். இதில் பொய் ஏதும் இல்லை. பழகிய கை தன் போக்கில் ஓடும். வாய் அதைப் பின்தொடர இயலாது. முப்பதாண்டு சமைத்த தாயிடம் சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இக்கலையைக் கற்பவர் முதற்கண் உணரவேண்டியது இதுவே. கேட்டு எழுதுவது பாதி வேலை. நடக்குமிடத்தில் நின்று பார்த்து எழுதுவது மறுபாதி.

கில்பிரெத் ஒவ்வோர் அசைவையும் எண்ணினார். ஒரு கல்லை எடுத்துச் சுவரில் வைக்க 18 அசைவுகள் ஆயின. கொத்தனார் ஏன் குனிகிறார்? கல் காலடியில் கிடக்கிறது. ஏன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்? நல்ல முகம் எதுவெனத் தேடவேண்டியிருக்கிறது. ஏன் கரணையால் தட்டுகிறார்? கலவை கெட்டியாக இருக்கிறது. காரணம் விளங்கியதும் மாற்று வழி எளிதாயிற்று. சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரம் ஒன்றை அமைத்தார். கல்லும் கலவையும் குனியாமல் கைக்கெட்டும் உயரத்தில் நின்றன. உதவியாட்கள் கல்லை முன்கூட்டியே ஆராய்ந்து, நல்ல முகம் ஒரே பக்கம் அமையும்படி மரச்சட்டத்தில் அடுக்கித் தந்தனர். கலவை இளக்கமாகக் குழைக்கப்பட்டது. கையால் அழுத்தினாலே கல் படிந்தது. 18 அசைவுகள் நான்கரை ஆயின. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். விரைந்து செய் என்று அவர் எவரையும் விரட்டவில்லை. குனிந்து நிமிரும் வேலையையே எடுத்துவிட்டார்.

1895இல் சொந்தமாக ஒப்பந்தத் தொழில் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். அக்காலத்தில் பிரடெரிக் டெய்லர் என்பார் நிறுத்துக் கடிகாரம் கொண்டு வேலையை அளந்து புகழ்பெற்றிருந்தார். முதலில் அவரைப் போற்றிய கில்பிரெத் பின்னர் விலகினார். எவ்வளவு நேரம் என்பதற்கு முன் எவ்வாறு, ஏன் என்று கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நியாயம் அவர் பக்கமே மிகுதி என்பேன். ஆயினும், எந்த வேலைக்கும் ஒரே ஒரு சிறந்த முறைதான் உண்டு என்று அவர் கொண்ட பிடிவாதத்தை ஏற்க இயலவில்லை. கொத்தர் சங்கங்களும் அவர் முறையை எதிர்த்தன. ஒருவரே ஏறத்தாழ மூவர் சுவரை எழுப்பினால் மற்ற இருவர் எங்கே போவது என்னும் அச்சம் பொருளற்றதன்று.

அவ்வச்சத்தைச் செவிமடுக்கும் மனம் அவர் இல்லத்திலேயே இருந்தது. 1904இல் அவர் மணந்த லில்லியன் மோலர் உளவியல் கற்றவர். 12 மக்களைப் பெற்று வளர்த்த நடுவே, 1915இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். உழைப்போரின் களைப்பு, ஓய்வு, உள்ளநிலை ஆகியன கணக்கில் வரவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. 1914இல் வெளிவந்த அவர் நூலில், எழுதியவர் பெண் என்று தெரியாதவாறு பதிப்பகத்தார் முதலெழுத்துகளை மட்டும் இட்டனர்.

இருவரும் சேர்ந்து தொழிலாளியின் அருகே கடிகாரம் வைத்துத் திரைப்படம் எடுத்தனர். விரலில் சிறு விளக்கைக் கட்டி, கை செல்லும் வழியை ஒளிக்கோடாகப் புகைப்படத்தில் பதித்தனர். இம்முயற்சிகளின் முதிர்ந்த கனியே செயல்முறை வரைபடம். 1921 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கக் கூட்டத்தில் அதை அவர்கள் வெளியிட்டனர். செய்தல், கொண்டுசெல்லல், சரிபார்த்தல், சேமித்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பொருளோ தாளோ செல்லும் வழியை அக்குறிகளால் மேலிருந்து கீழாக வரைவது முறை. எளிய செயல்தான், ஆனால் வரைந்தபின் மறைக்க ஒன்றும் இராது. ஒரு கடன் விண்ணப்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதைப் படித்து முடிவு செய்ய அரைமணி போதும். மேசைக்கு மேசை காத்துக் கிடப்பதோ வாரக்கணக்கு. அலுவலகத்தில் ஒவ்வொருவரும் தம் மேசையை மட்டுமே அறிவர். முழு வழியையும் அறிவது படம் ஒன்றுதான். உள்ளதை உள்ளவாறு வரைந்தபின்னரே இருக்கவேண்டியதை வரையலாம் என்னும் வரிசை இன்றும் மாறவில்லை.

1924 ஜூன் 14ஆம் நாள், நியூஜெர்சியின் மாண்ட்கிளேர் நகரிலிருந்து புறப்படவிருந்த கில்பிரெத், தொலைபேசியில் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கையிலேயே மாரடைப்பால் சாய்ந்தார். வயது 55. ஐரோப்பாவில் அவர் பேசவேண்டிய மாநாடுகள் காத்திருந்தன. சில நாள்களிலேயே லில்லியன் கப்பலேறிச் சென்று அவருக்காகப் பேசினார். திரும்பி வந்தபோது, பெண்ணொருத்தியின் ஆலோசனை வேண்டா என்று தொழிற்சாலைகள் பல ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தன. பிள்ளைகளின் படிப்போ முன்னே நின்றது. அவர் தம் வீட்டிலேயே பொறியாளர்களுக்கு வகுப்பு நடத்தினார். ஆலைகள் கதவடைத்தபின் அடுப்பங்கரையை எடுத்துக்கொண்டு, அடுப்புக்கும் கழுவு தொட்டிக்கும் இடையே ஒரு பெண் நடக்கும் அடிகளை எண்ணத் தொடங்கினார். 1935இல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. கணவரும் தாமும் வகுத்த குறிகள் 1947இல் ஐந்தாகச் சுருக்கப்பட்டுத் தரப்படுத்தப்பட்டதைக் கண்டு, 1972 வரை அவர் வாழ்ந்தார். அவ்வைந்தில் ஒன்று, வேலை காத்துக் கிடக்கும் நேரத்துக்குரியது.