பந்தய வீரர் ஸ்டான்லி உட்ஸ்

ஒருவர் தாம் நெடுநாள் சேர்ந்திருந்த குழுவை விட்டு வேறொரு குழுவை நாடிச் சென்றால், உலகம் அவரைப் பற்றி இருவகையாகப் பேசும். நன்றி மறந்தவர் என்று சிலர் இகழ்வர். துணிவுடையவர் என்று சிலர் புகழ்வர். இவற்றுள் எது பொருந்தும் என்பது பிரிந்த அன்றைக்கே தெரிந்துவிடுவதில்லை. எதன் பொருட்டுப் பிரிந்தார், பிரிந்தபின் எங்ஙனம் உழைத்தார், பிரிந்து வந்த தோழர்பால் எவ்வாறு நடந்துகொண்டார் என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே உண்மை புலப்படும். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் நிகரற்று விளங்கிய ஸ்டான்லி உட்ஸ் என்பாரின் வாழ்க்கை இதனை நமக்கு நன்கு விளக்குகின்றது.

உட்ஸ் 1903-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளின் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஊர் ஊராகச் சென்று மிட்டாய் விற்கும் வணிகப் பிரதிநிதியாக இருந்தார். இளமையிலேயே உட்ஸ் தந்தையாரின் தொழிலுக்குத் துணையாகப் பக்கப் பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகினார். குண்டும் குழியுமான நாட்டுப்புறச் சாலைகளே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. மிட்டாய் வணிகத்தின் பொருட்டு ஏறிய வண்டி, பின்னாளில் அவரை உலகம் அறியச் செய்யும் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையேயுள்ள கடலில் மான் தீவு என்னும் சிறு தீவு ஒன்று உண்டு. 1907-ஆம் ஆண்டு முதல் அங்கே டூரிஸ்ட் டிராஃபி என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடைபெற்று வருகின்றது. இதற்கெனத் தனியே அமைத்த திடல் எதுவும் அங்கு இல்லை. ஊர்களையும் வயல்களையும் மலையையும் சுற்றிச் செல்லும் பொதுச் சாலைகளையே, பந்தய வேளையில் மட்டும் சட்டப்படி மூடி, ஓடுகளமாக்குகின்றனர். ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர் வழியாக இராசபாளையம் சென்றடையும் தொலைவு ஏறத்தாழ இவ்வளவே. 1930-களில் அத்தொலைவை ஒருமுறையன்று, ஏழுமுறை இடைவிடாது ஓட்ட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் வீட்டுச் சுவர் தோளை உராய்வது போல நெருங்கி நிற்கும்; வேறோரிடத்தில் மலைமேல் மூடுபனி கண்ணை மறைக்கும். வளைவு ஒவ்வொன்றையும் நினைவில் நிறுத்தாதார் அங்கே வெல்லுதல் அரிது.

இப்பந்தயத்தின் முறையும் அறியத்தக்கது. ஓட்டுநர் அனைவரும் ஒருங்கே புறப்படுவதில்லை. 1930-களில் வரிசை எண்ணின்படி அரை நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டனர். ஆதலின் முதலில் வந்து சேர்ந்தவரே வென்றவர் ஆகார். மிகக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவரே வென்றவர் ஆவார். எதிரியைக் கண்ணால் காணாமலே, கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயம் இது.

சிவகாசியில் செய்யப்பெறும் வெடி ஒன்றைக் கொளுத்தினால், அதன் மருந்து கணத்தில் எரிந்து, பேரொலியுடன் ஆற்றலை நாற்புறமும் சிதறவிடுகின்றது. மோட்டார் சைக்கிளின் இயந்திரத்திலும் நிகழ்வது விரைந்து எரிதலே. ஆனால் அங்கே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை இரும்பு உருளைக்குள் அடைபட்டு எரிகின்றது. அவ்வாற்றல் சிதறாமல் உந்துதண்டைத் தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அடக்கி ஆளப்பெறும் நெருப்பே வண்டியின் வேகமாகும். அந்நெருப்பை ஆளும் பொறியும், பொறியை ஆளும் மனிதனும் ஒருங்கே சிறந்திருந்தாலன்றி வெற்றி கிட்டாது. உட்ஸ் வாழ்வு முழுவதும் தேடியது இப்பொருத்தத்தையே.

1921-ஆம் ஆண்டு அவர் மான் தீவுக்குப் பார்வையாளராகச் சென்றார். தாமும் அவ்வாறு ஓட்ட இயலும் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் பிறந்தது. வண்டி செய்யும் நிறுவனங்களுக்குக் கடிதங்கள் எழுதினார். இங்கிலாந்தின் காட்டன் நிறுவனம் அவருக்கு ஒரு வண்டி தந்தது. 1922-ஆம் ஆண்டு ஜூனியர் பந்தயத்தில், பதினெட்டு அகவை இளைஞராகிய அவர், பெட்ரோல் நிரப்பும்போது தீப்பற்றிக்கொண்ட வண்டியைக் கைவிடாது, தீயை அவித்தபின் மீண்டும் ஓட்டி ஐந்தாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் முதலிடம் பெற்று வெற்றி வாகை சூடினார்.

1926-ஆம் ஆண்டு அவர் பர்மிங்காம் நகரத்து நார்ட்டன் நிறுவனத்தின் வண்டியில் ஏறிச் சீனியர் பந்தயத்தை வென்றார். பந்தய உலகில் நார்ட்டனுக்கு அந்நாளில் பெருமதிப்பு இருந்தது. 1932-ஆம் ஆண்டு ஜூனியர், சீனியர் ஆகிய இரு பந்தயங்களையும் உட்ஸ் வென்றார். 1933-ஆம் ஆண்டும் அவ்விரண்டையும் அவரே வென்றார். அவ்வாண்டு இரண்டு பந்தயங்களிலும் முதல் மூன்று இடங்களையும் நார்ட்டன் வண்டிகளே கைப்பற்றின. சிறந்த வண்டி, தேர்ந்த தொழிலாளர், புகழ்மிக்க குழு ஆகிய அனைத்தும் அவருக்கு வாய்த்திருந்தன.

அந்நிலையில்தான் உட்ஸ் நார்ட்டனை விட்டு விலகினார். குழுவின் ஏற்பாடுகள் அவருக்கு உடன்பாடாக இல்லை. பந்தயத்தின் முடிவை ஓட்டுநரின் திறமையும் வண்டியின் ஆற்றலுமே உறுதி செய்தல் வேண்டும். குழுவின் முன்னேற்பாடு உறுதி செய்தலாகாது என்பது அவர்தம் கருத்து. நிழல் தரும் மரத்தை விட்டு வெயிலில் இறங்குவார் உலகில் சிலரே. உட்ஸ் அச்சிலருள் ஒருவரானார். வென்று கொடுக்கும் வண்டியை விட்டுவிட்டார். வெல்லக்கூடுமோ என்று எவரும் அறியாத வண்டியைத் தேடிப் புறப்பட்டார்.

1934-ஆம் ஆண்டு அவர் சுவீடன் நாட்டு ஹஸ்க்வர்னா வண்டியில் சீனியர் பந்தயம் ஓடினார். அவ்வண்டி விரைவுடையதாகவே இருந்தது. பந்தயத்தின் மிக விரைவான சுற்றை அன்று ஓடியவர் உட்ஸே. இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்த அவருக்கு இறுதிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. இயந்திரம் ஓய்ந்தது, வண்டி நின்றது. நார்ட்டன் குழுவில் அவருடைய பழைய தோழராகிய ஜிம்மி கத்ரி, ஜூனியர், சீனியர் இரண்டையும் வென்றார். பிரிந்து சென்றவர் வழியில் நிற்க, பிரியாதிருந்தவர் பரிசு பெற்ற நாள் அது. வேறொருவராயின் தம் முடிவுக்கு வருந்தியிருப்பர். உட்ஸ் வருந்தவில்லை; எரிபொருளின் அளவை நுணுகிக் கணக்கிடல் வேண்டும் என்னும் பாடத்தை மட்டும் நெஞ்சில் பதித்துக்கொண்டார்.

அவ்வாண்டே லைட்வெயிட் என்னும் சிறுவண்டிப் பந்தயத்தில் இத்தாலி நாட்டு மோட்டோ குஸ்ஸி வண்டியை ஓட்டி நான்காம் இடம் பெற்றிருந்தார். இத்தாலியின் வடபகுதியில் கோமோ ஏரிக்கரையில் அமைந்த மாண்டெல்லோ என்னும் ஊரில் அந்நிறுவனம் இருந்தது. 1935-ஆம் ஆண்டு உட்ஸ் அவ்வண்டிகளுடன் மான் தீவுக்கு வந்தார். அந்நாளில் பந்தய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்திற்கு வில்லமைப்பு இல்லை. குஸ்ஸி வண்டிக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. மேடுபள்ளத்தில் அதிர்ந்து துள்ளாமல் சக்கரம் சாலையைப் பற்றிக்கொண்டு செல்ல அது துணை செய்தது. முதலில் லைட்வெயிட் பந்தயத்தை உட்ஸ் வென்றார். 1911-ஆம் ஆண்டு அமெரிக்க வண்டி ஒன்று சீனியர் பந்தயத்தை வென்ற பின்னர், அயல்நாட்டு வண்டி மான் தீவில் வென்றது அதுவே முதன்முறை.

அடுத்து வந்தது சீனியர் பந்தயம். மூடுபனியினால் அது ஒருநாள் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் கத்ரி முதலாம் எண்ணுடன் புறப்பட்டார். உட்ஸின் எண் முப்பது. ஆகவே கத்ரி சென்று பதினான்கரை நிமிடங்கள் கழிந்த பின்னரே உட்ஸ் புறப்பட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் கத்ரி பல விநாடிகள் முந்தினார். உட்ஸ் மெல்ல மெல்ல அவ்விடைவெளியைக் குறைத்தார். ஆறு சுற்றுகள் முடிந்தபோது கத்ரி 26 விநாடிகள் முன்னே இருந்தார். எஞ்சியது ஒரே சுற்று.

உட்ஸ் இறுதிச் சுற்றுக்கு முன் மீண்டும் பெட்ரோல் நிரப்ப நிற்பார் என்று தோன்றுமாறு குஸ்ஸி குழுவினர் ஆயத்தங்கள் செய்தனர். அதனைக் கண்ட நார்ட்டன் குழுவினர், அவர் நின்றால் இன்னும் பல விநாடிகள் இழப்பார் என்று கணக்கிட்டனர். வெற்றி உறுதி, வண்டியை வருத்த வேண்டா என்று வழியிலிருந்த தம்மவர் வாயிலாகக் கத்ரிக்குக் குறிப்புக் காட்டச் செய்தனர். உட்ஸோ நிற்கவில்லை. கலத்தில் உள்ள பெட்ரோல் போதும் என்பதை அவர் முன்னரே அளந்து வைத்திருந்தார். நிறுத்தம் முன்னே புயலெனப் பாய்ந்து சென்றார். பிழையை உணர்ந்த நார்ட்டன் குழுவினர் கத்ரிக்கு மறுகுறிப்புக் காட்ட முனைவதற்குள் காலம் கடந்துவிட்டது.

கத்ரி வந்து சேர்ந்தார். மக்கள் ஆரவாரித்தனர். வென்றவர் அவரே என்று பாராட்டும் தொடங்கிவிட்டது. பின்னர் உட்ஸ் எல்லைக்கோட்டைக் கடந்தார். கடிகாரங்களை ஒப்பிட்டனர். உட்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 7 நிமிடம் 10 விநாடி. கத்ரி எடுத்துக்கொண்டது 3 மணி 7 நிமிடம் 14 விநாடி. நானூற்றிருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட பந்தயம் நான்கே விநாடிகளில் முடிவு செய்யப்பட்டது! இறுதிச் சுற்றை மணிக்கு 139 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, உட்ஸ் புதிய சாதனையும் நிலைநாட்டியிருந்தார். முந்திய ஆண்டு எரிபொருளை இழந்து தோற்றவர், இவ்வாண்டு எரிபொருளை அளந்து வென்றார்.

இவ்விருவரும் களத்தில் எதிரிகள். களத்திற்கு வெளியே நண்பர்கள். அடுத்த ஆண்டு உட்ஸ் வெலோசெட் என்னும் குழுவில் சேர்ந்தார். அவ்வாண்டுச் சீனியர் பந்தயத்தில் கத்ரி வென்றார். உட்ஸ் 18 விநாடிகள் பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார். 1937-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு மாதம் செருமனியில் நடந்த பந்தயத்தில், இறுதிச் சுற்றில் முன்னணியில் சென்றுகொண்டிருந்த கத்ரி வண்டியிலிருந்து வீழ்ந்து படுகாயமுற்றார். அப்பந்தயத்தில் கலந்துகொண்டிருந்த உட்ஸ் தம் பழைய தோழருடன் மருத்துவமனை வரை சென்றார். கத்ரி உயிர் பிழைக்கவில்லை. நார்ட்டன் குழுவை விட்டு உட்ஸ் பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, தோழமை பிரியவில்லை. மான் தீவின் மலைச்சாலையில் 1939-ஆம் ஆண்டு கத்ரிக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

வெலோசெட் ஒரு குடும்பத்தினர் நடத்திய சிறு நிறுவனம். உட்ஸ் அங்கே வண்டியை ஓட்டியதோடு அமையவில்லை. வண்டியின் எடை முன்சக்கரத்தின்மேல் மிகுதியாகத் தங்குமாறு இயந்திரத்தை முன்னே நகர்த்தி வைத்தால் வளைவுகளில் நிலைபெறும் என்று அறிவுறுத்தினார். அவ்வாறே செய்யப்பட்டது. 1938, 1939-ஆம் ஆண்டுகளில் ஜூனியர் பந்தயத்தை அவ்வண்டியிலேயே வென்றார். இவற்றோடு மான் தீவில் அவர் பெற்ற வெற்றிகள் பத்தாயின. 1967-ஆம் ஆண்டு மைக் ஹெயில்வுட் என்னும் வீரர் கடக்கும் வரை, அவ்வெண்ணிக்கையை எவரும் மிஞ்சவில்லை.

இத்துணைப் புகழ் பெற்றும் உட்ஸ் தம் குடும்பத் தொழிலை மறக்கவில்லை. டப்ளினில் பங்காளி ஒருவருடன் சேர்ந்து தம் பெயரால் மிட்டாய் செய்வித்தார். பந்தயத்தின்போது ஓட்டுநர்களின் நேரத்தைப் பெரும் பலகையில் எழுதும் பணியைச் சாரணச் சிறுவர்கள் செய்து வந்தனர். ஆண்டுதோறும் உட்ஸ் அச்சிறுவர்களுக்கெனப் பெட்டி பெட்டியாக மிட்டாய் கொண்டுவந்து வழங்குவார். வெயிலிலும் மழையிலும் நின்று பிறருடைய வெற்றியை எழுதும் சிறு கைகளை அவர் எண்ணிப் பார்த்தார்.

1939-ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது. உட்ஸ் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 1957-ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தின் பொன்விழாவின்போது, ஐம்பது அகவையைக் கடந்திருந்த அவர் மீண்டும் ஒரு குஸ்ஸி வண்டியில் ஏறி, மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் அச்சாலையைச் சுற்றி வந்து கண்டோரை வியப்பில் ஆழ்த்தினார். 1993-ஆம் ஆண்டு, தொண்ணூறை நெருங்கிய முதுமையில், அவர் காலமானார்.

வேகத்தை மட்டும் விரும்புவோர் சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் இழப்பிக்கின்றனர். உட்ஸ் வேகத்தை விரும்பினார். அதனினும் மேலாக அளவை விரும்பினார். வளைவையும் எடையையும் எரிபொருளையும் அளந்தார். தம் ஆற்றலையும் அளந்தறிந்தார். அதனாலேயே, தம் ஆற்றலுக்கு ஏற்ற இடத்தைத் தேடிச் செல்லும் துணிவு அவருக்கு உண்டாயிற்று. ஓராண்டு தோல்வியை அவர் பொறுத்தார். விட்டு வந்த குழுவைக் களத்தில் வென்றார். அக்குழுவைச் சேர்ந்த தோழரின் இறுதி வேளையில் உடன் நின்றார். ஒரு குழுவை விட்டுப் பிரிய நேர்வார்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டுதல் அரிது.